லெனோராவின் வெள்ளைத் தட்டு

லெனோரா முழங்காலிட்டுக் குனிந்து தட்டைக் கடலுக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறாள். பீங்கான் பூச்சுப் போட்ட வெள்ளைத் தட்டு. விளிம்பில் நீலக் கோடு, ஓரிடத்தில் பூச்சு பெயர்ந்து கறுப்பாக ஒரு புள்ளி. ஓட்டை போட்டுத் தூண்டில் நரம்பு கட்டி, அடியில் ஈயக் குண்டும் தொங்கவிட்டிருக்கிறாள். நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறாள். தரையைத் தொட்ட பிறகும் அந்தக் கறுப்புப் புள்ளி தெரிந்தால், அன்றைக்கு அந்த விரிகுடாவில் ஆட்களை இறக்கலாம். தெரியாவிட்டால் தட்டைத் துடைத்துக்கொண்டு அடுத்த விரிகுடாவுக்குப் போக வேண்டியதுதான்.

"என்னக்கா, கடல் சாப்பிட்டு முடிச்சிருச்சா?" என்று பின்னாலிருந்து கேட்கிறான் ஆல்வின். அவனும் பஸ் ஓட்டுகிறவன். கப்பலில் வருகிறவர்களை மீன் காட்ட அழைத்துப்போகிறவன்.

"முடிச்சிருச்சு. உன்ன மாதிரி மறுசோறு கேக்கல."

சுற்றுலாக் கப்பல் வரும் நாளில், தீவின் தலைநகரான ரோசோவின் துறைமுக வாசலில் காது கொடுக்க முடியாது. அருவி, வெந்நீர் ஊற்று, கண்ணாடி முகமூடி மாட்டிக் கடலுக்குள் மீன் பார்க்கும் ஸ்நார்க்கல் என்று ஆளுக்கொரு பக்கம் கூவுவார்கள். லெனோரா கூவ மாட்டாள். வாசலுக்கு நேர் எதிரே, பாதாம் மரத்தடியில், அவளுடைய பலகை நிற்கும். அதன் கீழே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, பொரித்த ரொட்டியைக் கொக்கோவில் தோய்த்துத் தின்றுகொண்டிருப்பாள். கப்பலை விட்டு இறங்குகிறவர்களின் கண்ணில் முதலில் படும் இடம் அது. அந்த இடத்துக்காகப் பல பேர் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்கள், முதல் ஆள் ஆல்வின்.

அவளுடைய பஸ்ஸின் முன்கண்ணாடியில் 'அவசரமில்லை' என்று மஞ்சள் எழுத்தில் பெயர் எழுதியிருக்கும். வெளியூர்க்காரர்கள் வணக்கம் சொல்லாமல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். உடனே இன்ஜினை அணைத்துவிடுவாள். "யாராச்சும் செத்துட்டாங்களா? ஏன் இப்படி வாயப் பொத்திக்கிட்டு ஏர்றீங்க? எங்க ஊர்ல கோழி திருட வர்றவன்கூட குட்மார்னிங் சொல்லிட்டுத்தான் வருவான்." பஸ் முழுக்க ஒரே குரலில் குட்மார்னிங் வந்த பிறகுதான் வண்டி நகரும்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. உடம்பு கனத்துப் போய், பஸ் படியில் பக்கவாட்டில்தான் ஏறுவாள், ஒவ்வொரு படிக்கும் "ஆண்டவரே" என்பாள். நீச்சல் உடையெல்லாம் கிடையாது. பூப்போட்ட பழைய கவுனோடுதான் கடலில் இறங்குவாள். இறங்கியதும் அந்த உடம்பு எங்கே போகும் என்று தெரியாது. அலுங்காமல் குலுங்காமல் தண்ணீரை விலக்கிக்கொண்டு போவாள், கிளிமீன்கூட ஒதுங்காது. அவளுடைய முகமூடியின் வார் அறுந்து பல காலமாயிற்று. சைக்கிள் ட்யூபை வெட்டிக் கட்டியிருக்கிறாள்.

முகமூடிக் கண்ணாடி ஆவி பிடிக்காமலிருக்க எல்லோரையும் உள்ளே துப்பச் சொல்வாள். "துப்புங்க, நல்லா துப்புங்க. உங்க எச்சில்தானே, அதுக்கென்ன வெக்கம்?" ஒரு சீமாட்டி அதற்கென்றே கடையில் வாங்கிய மருந்துப் புட்டியை எடுத்துக் காட்டினாள். லெனோரா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "கம்பெனிக்காரன் எச்சில காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கீங்களே, தாயே" என்றாள். சீமாட்டியும் சிரித்துக்கொண்டே துப்பினாள்.

பாறை இடுக்கில் ஒரு கிழட்டு விலாங்கு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். அதற்கு மாஜிஸ்திரேட் என்று பெயர் வைத்திருக்கிறாள். "நாளு பூரா வாயத் தெறப்பாரு. தீர்ப்பு மட்டும் வராது." பவளத்தின் மேல் யாராவது கால் ஊன்றினால் மட்டும் அவளுக்குச் சிரிப்பு போய்விடும். "அது கல்லு இல்ல, உசிரு. எடுங்க கால" என்று அதட்டுவாள்.

மலையில் மழை பெய்தால் ஆறுகள் மண்ணை வாரிக்கொண்டு வந்து கடலைத் தேநீர் ஆக்கிவிடும். அந்தத் தண்ணீரில் அவள் யாரையும் இறக்கியதில்லை. ஆல்வின் இறக்குவான். "குளிக்கத்தானே வர்றாங்க, என்ன நெறமா இருந்தா என்ன" என்பான். லெனோராவுக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். "வந்தவன் ஒரு நாளுதான்டா பாக்கப் போறான். கலங்கின தண்ணியக் காட்டி அனுப்புனா, ஆயுசுக்கும் நம்ம கடல சாக்கடைன்னுல்ல சொல்லிட்டுத் திரிவான்."

நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேடுகிற வேலை ஆல்வினுக்குக் கிடையாது. 'அவசரமில்லை' போகும் வழியே போனால் போதும். சந்தேகம் வராமலிருக்கச் சற்றுப் பின்தங்கி வருவான். லெனோராவுக்குத் தெரியாதா? கடற்கரைச் சாலை முழுக்க வளைவுகள். ஒரு வளைவுக்கு முன்னால் வலப்பக்க விளக்கைப் போட்டுவிட்டு, வளைந்ததும் அணைத்துவிட்டு நேரே போய்விடுவாள். ஆல்வின் விளக்கை நம்பி, முதலில் வரும் சந்தில் திரும்புவான். சந்து ஒரு ஆட்டுப்பட்டியில் போய் முடியும். ஆடுகளுக்கு நடுவே அவன் வண்டியைப் பின்னுக்கு எடுத்த கதையைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்திருக்கிறது. அவனும் திருந்தியதில்லை, அவளும் விட்டதில்லை.

இந்தக் கப்பல் காலத்தின் தொடக்கத்தில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. இரண்டு முறை அவள் ஆட்களைத் தண்ணீரில் இறக்காமலே திருப்பி அழைத்து வந்துவிட்டாள். துறைமுக வாசலில் வண்டிகளுக்கு இடம் பிரித்துத் தரும் ஏஜெண்ட் அவளைக் கூப்பிட்டார்.

"லெனோரா, கப்பல்லேர்ந்து ஒரே புகார். இன்னிக்கும் காய்ஞ்ச ஆளாக் கூட்டிட்டு வந்தேன்னா, மரத்தடி எடம் ஆல்வினுக்குத்தான். அப்புறம் என் மேல வருத்தப்படாதே."

"நான் மழையையா கூட்டிட்டு வந்தேன்?"

"மழைக்கு எடம் குடுக்கிற வேலை என்னுது இல்லம்மா."

அன்று பஸ் நிறைய ஆள். முன்சீட்டில் வால்ட்டர் என்று ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர். தன் ஊரில் பனிக்காலம் முழுக்க நீச்சல் குளத்தில் முகமூடி போட்டுப் பழகிவிட்டு வந்திருந்தார். ஒவ்வொரு விரிகுடாவிலும் லெனோரா இறங்கித் தட்டை விட்டாள். ஒவ்வொரு இடத்திலும் தட்டு உடனே காணாமல் போயிற்று. "மீன் எப்போம்மா?" என்று வால்ட்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். "மீனும் உங்களத்தான் தேடிக்கிட்டிருக்கு. தண்ணி கலங்கியிருக்கு, அதுக்கும் கண்ணு தெரியல" என்று சமாளித்தாள்.

கடைசியில் அவளுடைய சொந்த ஊரான அன்ஸ் பெலேதான் மிச்சம். அங்கே ஆறு கிடையாது. தட்டை விட்டாள். அடியில் மணல்மேல் போய் உட்கார்ந்தது தட்டு. நீலக் கோடு தெரிந்தது, கறுப்புப் புள்ளி தெரிந்தது, பக்கத்தில் ஊர்ந்த நண்டுகூடத் தெரிந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். குன்றின் உச்சியில் அவளுடைய அண்ணன் பசில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கீழே கரைவலை மடித்து வைத்த படகு, துடுப்போடு ஆட்கள். மணலில் பெண்கள் வாளிகளோடு காத்திருந்தார்கள். அந்த வாரம் முழுக்க மழையில் யாரும் கடலுக்குப் போகவில்லை. பாரை மீன் கூட்டம் விரிகுடாவின் வாசல் வரை வந்து நின்றுகொண்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. வலை காத்திருக்கும்போது, மீன் மிரளாமலிருக்க, அந்த விரிகுடாவில் ஒரு கால் நனையக் கூடாது. அதற்குப் பலகையும் கிடையாது, சட்டமும் கிடையாது. அன்ஸ் பெலேயில் நாயைக்கூடக் கட்டித்தான் வைப்பார்கள்.

பசில் இறங்கி வந்தார். அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

"லென், மரத்தடி எடம் போயிரும்னு பேசிக்கிறாங்களே. வேணும்னா எறக்கிக்கோ. பசங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

லெனோரா வாளிகளைப் பார்த்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். வால்ட்டர் அதற்குள் முகமூடியில் துப்பித் துடைத்து மாட்டிக்கொண்டு நின்றார்.

"நீ மேல போயி உன் வேலையப் பாருண்ணே" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஆல்வினின் பஸ் சரிவில் இறங்கி வந்தது. அன்றைக்கு அவனை ஏமாற்ற அவளுக்கு மனமில்லாமல் போயிருந்தது. ஓடிப்போய்த் தன் பஸ்ஸைப் பாதைக்குக் குறுக்கே நிறுத்தினாள். லெனோரா ஓடி அன்றுதான் ஊர் பார்த்தது.

"யக்கா, வண்டிய எடு! தண்ணி பளிங்கு மாதிரி கெடக்கு!"

"வலை காத்திருக்கு."

"உன் அண்ணன் வலைக்காக என் வயித்துல மண்ணா?"

"என் வயித்துலயும் அதே மண்ணுதான்டா. திருப்பு."

அவன் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுத் திருப்பிக்கொண்டு போனான். பக்கத்து ஆற்று முகத்தில், தேநீரில், தன் ஆட்களை இறக்கினான். மண் கலந்த தண்ணீர் தோலுக்கு நல்லது என்று சொன்னானாம். அவர்களும் பூசிப் பூசிக் குளித்தார்களாம்.

இங்கே வால்ட்டருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "தண்ணி நல்லாத்தானே இருக்கு? ஏன் எறங்கக் கூடாது?"

"சாப்பிட உக்காந்த வீட்டுல எலைக்கு நடுவுல கால வெப்பீங்களா? உக்காருங்க. கொக்கோ குடிங்க."

எல்லோரும் முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி மணலில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறியது. கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டே வந்தது. லெனோரா கடலை ஒரு முறை, கடிகாரத்தை ஒரு முறை பார்த்தாள். அப்போது குன்றின் மேல் பசில் சங்கை எடுத்து ஊதினார்.

படகு பாய்ந்தது. வலை அரைவட்டமாக விழுந்தது. கயிறு கரைக்கு வந்ததும் ஊரே பிடித்துக்கொண்டது. கயிறு பிடித்தவருக்கெல்லாம் மீன் உண்டு, அவர் யாராக இருந்தாலும் சரி. வால்ட்டர்தான் முதலில் ஓடினார். "இழு தாத்தா, இழு! சாப்பிட்டதெல்லாம் எங்க போச்சு?" என்று பெண்கள் கத்தினார்கள். அவர் முகம் சிவக்க இழுத்தார், மணலில் விழுந்தார், எழுந்து மறுபடி இழுத்தார். வலை கரையேறியபோது வெள்ளியாகத் துள்ளியது. பசில் வாழையிலையில் இரண்டு பாரையைச் சுற்றிக் கொடுத்ததும் வால்ட்டர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். கப்பலில் மீனை விட மாட்டார்கள் என்று தெரிந்ததும் துறைமுகக் காவலாளிக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

மீன் கரையேறியதும் லெனோரா தட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். வலை மணலை வாரி இழுத்ததில் விரிகுடா பால்போலக் கலங்கிக் கிடந்தது. முழங்கை ஆழத்தில் தட்டு மறைந்துவிட்டது. நரம்பைச் சுற்றிக்கொண்டு எழுந்தாள். "ஏறுங்க, நேரமாச்சு" என்றாள்.

புகார் கொடுத்தது வால்ட்டர்தான். நாள் இனிமையாகக் கழிந்தது, ஆனால் ஸ்நார்க்கல் நடக்கவில்லை என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. ஆல்வினின் ஆட்களிடமிருந்து ஒரு புகாரும் இல்லை. அன்றைக்கே மரத்தடியில் பலகை மாறிவிட்டது. லெனோரா பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து, அன்று நனையாத முகமூடிகளை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டே அழுதாள். பிறகு வீட்டுக்குப் போய் அண்ணன் அனுப்பிய மீனைச் சீமைப்பலாவோடு வைத்து நன்றாகவே சாப்பிட்டாள்.

இப்போது 'அவசரமில்லை' ஊர் ஜனங்களை ஏற்றிக்கொண்டு ரோசோ சந்தைக்கும் அன்ஸ் பெலேக்கும் ஓடுகிறது. காலையில் டவுனுக்கு வரும் வழியில், ஒவ்வொரு விரிகுடாவிலும் நிறுத்தித் தட்டை இறக்கிப் பார்ப்பதை மட்டும் அவள் விடவில்லை. "எதுக்கு லென், இப்பதான் உனக்கு ஆளே இல்லியே?" என்று பஸ்ஸில் இருக்கிறவர்கள் கேட்பார்கள். "அதுக்கு? கடலு எப்படி இருக்குன்னு கேக்கக் கூடாதா?" என்பாள்.

சென்ற வாரம் மறுபடி மலையில் மழை. ஆல்வின் மரத்தடியில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, லெனோராவின் பக்கம் பார்க்காமல் நின்றான். அவள் பாட்டுக்குச் சந்தைக் கூடைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். முதல் வளைவிலேயே அவனுடைய பஸ் கண்ணாடியில் தெரிந்தது, பழைய இடைவெளியில்.

ஆட்டுப்பட்டிச் சந்து தாண்டியதும், கோயிலுக்குப் பின்னால் விரிகுடாவுக்கு இறங்கும் பாதை வந்தது. லெனோரா வேகத்தைக் குறைத்து வலப்பக்க விளக்கைப் போட்டாள். ஆல்வின் தூரத்திலேயே நின்றுவிட்டான். பட்டது போதும் என்று நினைத்திருப்பான். விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"லென், நம்ம ஊரு நேராத்தானே?" என்றாள் பின்சீட்டில் ஒருத்தி.

"நேராத்தான். சும்மா இரு."

லெனோரா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். கையில் வெள்ளைத் தட்டு இருந்தது, கறுப்புப் புள்ளி வெளியே தெரியும்படி. அதை உயர்த்தி, கோயில் பாதையைக் காட்டி ஆட்டினாள். ஆல்வினின் பஸ் மெல்ல வந்தது, ஒரு கணம் தயங்கியது, வலப்பக்கம் திரும்பி இறங்கியது. கடைசிச் சக்கரமும் மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, விளக்கை அணைத்து, நேரே போனாள்.