ஜன்னலில் வீசிய பை

இருக்கன்குடித் திருவிழா பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்துப் பழகியவன் நான். இலங்கையில் சண்டை நடந்த காலம். காலண்டர் ஆர்டர் பிடிக்கக் கொழும்பு போனேன். விமான நிலைய வாசலில் டாக்ஸி வாடகையைக் கேட்டதும் பஸ்ஸுக்கு ஓடினேன். நல்ல கூட்டம். காலியாகத் தெரிந்த ஒரே ஜன்னலோரச் சீட்டில் என் பையை வீசினேன்.

மறுநிமிடம் பஸ்ஸே காலி! என் சாமர்த்தியத்தை மெச்சியபடி ஏறி உட்கார்ந்தேன்.

"குண்டெண்டு நினைச்சிட்டம் தம்பி! பைக்குள்ள என்ன?" என்று கீழே நின்ற ஓர் அம்மா கேட்டார்.

"காலண்டர்தான் அக்கா! எடம் போட்டேன். எங்கூர்ல அப்படித்தான்."

"எந்த ஊர்?"

"சிவகாசி."

படியில் கால் வைத்தவர்களும் இறங்கி ஓடினார்கள்.

ஒவ்வொரு காலண்டராக விரித்துக் காட்டிய பிறகுதான் ஏறினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். ஆனால் என் பையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கம்பியைப் பிடித்து நின்றார். என் சீட்டில் அவரை உட்காரவைத்துவிட்டு, கொழும்பு வரை நின்றே போனேன்.