நிறம் மாறிய கிடா

கோவில்பட்டியில் ஒரு லேபிள் அச்சகத்தின் கம்ப்யூட்டர் அறையில் நான் வேலை பார்த்தேன். ஆல்பங்களில் கிடந்த பழைய தீப்பெட்டி லேபிள்களையெல்லாம் ஸ்கேன் செய்து, ஒரு படத்தைக் கொடுத்தால் அதைப் போன்ற படங்களைத் தேடித் தரும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். எவ்வளவு சிவப்பு, எவ்வளவு மஞ்சள் என்று அது நிறத்தை வைத்துத்தான் ஒப்பிடும்.

முதலில் வந்தவர் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி; தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். தன் சிவப்புக் கிடா லேபிளை மேஜையில் விட்டெறிந்தார்.

“என் கிடாவ எவனோ திருடிட்டான். எந்தப் பயன்னு உன் மெஷின் சொல்லட்டும்.”

திரையில் சிவப்பு ரயிலும் சிவப்பு ரோஜாவும் வந்தன.

“கிடாவக் கேட்டா செவப்பக் காட்டுத. இதுக்குத்தான் படிச்சியாலே?”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் லேபிள் திருடுகிறவன் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தைத்தான் மாற்றுவான். அது எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு, நிறத்தை விட்டுவிட்டு உருவத்தின் கோடுகளை மட்டும் ஒப்பிடும்படி மாற்றி எழுதினேன்.

அந்த மனுஷன் மறுபடி வந்தார். இந்தத் தடவை முதல் படமாக ஒரு பச்சைக் கிடா வந்தது. இரண்டு கிடாவுக்கும் ஒரே பின்னங்காலில் குளம்பு வரைய விட்டுப்போயிருந்தது. ஆனால் பச்சைக் கிடா போட்ட ஆபீஸ், இவர் தொழிலுக்கு வருவதற்கு முன்பே மூடிப்போனது.

“அண்ணாச்சி, இது உங்களுக்கு முந்தினது” என்றேன்.

அவர் முகம் கறுத்தது. “அத அழிச்சிரு. உன் மொதலாளிகிட்ட நான் பேசிக்கிடுதேன்.”

பேசினார். அழித்தேன். அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரில் எப்படித் தேடினாலும் கிடா அவருடையது மட்டும்தான்.