கோணல் ஆணி

பெரகல சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் குடை மேல்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. ஆடி மாதத்தில் அங்கே குடை விரிப்பவன் வெளியூர்க்காரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் என்னைப் போலப் பதுளையில் குடியேறி ஊர்க் காற்றை மறந்துபோனவனாக இருக்க வேண்டும். டீக்கடைக்காரர் வாசலில் நின்று சிரித்தார்.

“மடக்குங்க சார். இந்தக் காத்துல குடை புடிச்சா ஒங்களயும் சேத்துக் கீழ வெல்லவாயில கொண்டுபோய் எறக்கிரும்.”

மடக்கிக்கொண்டு நின்றேன். காற்று முகத்தில் அறைந்தது. கடைக்குப் பின்னால் யாரோ சோளம் சுட்டார்கள் போலிருக்கிறது, கரி வாசனை வந்தது. வந்ததும் குடைமேல் இருந்த கோபம் போய்விட்டது. இதே காற்றையும் கரியையும் வைத்துக்கொண்டு நான் ஒரு காலத்தில் கல்லை இரும்பாக்கப் புறப்பட்டவன். சிரிக்காதீர்கள். கொஞ்சம் ஆக்கியும் விட்டேன்.

இப்போது பதுளையில் ஒரு ஹார்ட்வேர் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிறேன். இருபத்திரண்டு வயதில் எஸ்டேட் ஸ்டோரில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்தை வாட்டி, அரைத்து, கடைசியில் சூட்டுக் காற்றில் காய வைப்பார்கள் அல்லவா, அந்தச் சூட்டுக்கு விறகு போடுகிறவன் நான். உடம்பெல்லாம் ஒரு பக்கம் புகை வாசனை, ஒரு பக்கம் புதுத் தேயிலை வாசனை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முதலில் மூக்கைச் சுளித்துவிட்டு அப்புறம் இழுத்து மோந்து பார்ப்பார்கள்.

அந்த வேலையில் விறகு போடுவது பெரிதல்ல. அடியில் சேரும் சாம்பலையும் கட்டிதட்டிப்போன சிட்டத்தையும் அடிக்கடி இழுத்துப் போட வேண்டும். விட்டால் காற்று அடைத்துக்கொண்டு சூடு இறங்கிவிடும், ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் மேலே இருந்து கத்துவார். ஆள் உயரத்துக்கு ஒரு கம்பி, நுனியில் வளைவு. நெருப்பு கொஞ்சம் மங்கினால் போதும், மூளையைக் கேட்காமலே கை அந்தக் கம்பியை எடுத்துவிடும். இதைச் சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒருநாள் டீமேக்கர் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். பெரகலைக்குக் கீழே மேற்குப் பார்த்த ஒரு சரிவில் பழைய முறையில் இரும்பு உருக்கவும் கொல்லு வேலை செய்யவும் வகுப்பு நடக்கிறதாம். நான்கு வாரக் கடைசிகள். நெருப்பு பழகிய ஆள் ஒருவர் வேண்டுமாம். “நீ போடா, நாலு நாளைக்காவது எனக்கு ஒம் மூஞ்சியப் பாக்காம இருக்கலாம்” என்று அன்போடு அனுப்பி வைத்தார்.

வகுப்பை நடத்தியவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். பல்கலைக்கழகத்தில் டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று லயத்தில், நாங்கள் குடியிருந்த எஸ்டேட் வரிசை வீடுகளில், எல்லாருக்கும் நான் விளக்க வேண்டியிருந்தது. நாங்கள் அவரை மெடம் என்போம். நூற்றாண்டுகளுக்கு முன்னால் இந்த மலைச் சரிவுகளில் துருத்தியே இல்லாமல், ஆடிக் காற்றை மட்டும் வைத்து இரும்பு எடுத்திருக்கிறார்கள் என்று அவர்தான் சொன்னார். சரிவின் விளிம்பில் தாழ்வாக ஓர் உலை. காற்று வரும் பக்கம் களிமண் சுவர், சுவரின் அடியில் வரிசையாகக் களிமண் குழாய்கள். உள்ளே கரியும் உடைத்த இரும்புக் கல்லும் அடுக்கடுக்காக. மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும். நான் பிறந்ததிலிருந்து திட்டிக்கொண்டிருந்த காற்று.

வீட்டில் வந்து சொன்னேன். அதுதான் நான் செய்த முதல் பிழை.

என் அப்பா கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடி உயர்ந்துவிட்டால் கிளைகளை வெட்டி இறக்கும் வேலை. அதற்கென்று வளைந்த கத்தி உண்டு. தீட்டித் தீட்டி அவருடைய கத்தி ஒரு விரல் அகலத்துக்கு வந்துவிட்டது. புதுக் கத்தி கொடுத்தால் கை ஒப்பாது என்பார். அப்பாவுக்கு உலகத்தில் இருக்கும் கல்லெல்லாம் இரண்டே வகை, கத்தி தீட்ட ஆகும் கல், ஆகாத கல். எந்தக் கல்லைக் கண்டாலும் கத்தியை ஓர் இழுப்பு இழுத்து, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பார். சொந்தக்காரர் கல்யாணத்தில் அம்மிக் கல்லில் இழுத்துப் பார்த்து, பெண் வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

அவரிடம் போய் வீராப்பாகச் சொன்னேன். “ஒங்க கத்திக்கு நான் இரும்பு கொண்டாறேன். கல்லுல இருந்து நானே எடுத்து, நானே அடிச்சி.”

“பெரகல கடையில கத்தி கெடக்குதேடா.”

“அது கடைக் கத்தி. இது எங் கத்தி.”

அப்பா தன் கத்தியைத் தீட்டப் போய்விட்டார். மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், வேலை பிரித்துக் கொடுப்பதற்காக எல்லாரும் கூடி நிற்கும்போது அறிவித்துவிட்டார். “எம் மவன் கல்ல உருக்கி எனக்குக் கத்தி செய்யப் போறான், தெரியுமா?” கேலியா பெருமையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு குழாயடியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள்கூட “கத்தி என்னாச்சு தம்பி?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். வெறுங்கையோடு திரும்பினால் லயத்தில் தலைகாட்ட முடியாது.

முதல் வாரம் கொல்லு வேலை. பழைய லொறி இரும்பைக் காய்ச்சிச் சதுரமாக ஆணி அடிக்கப் பழக்கினார்கள். விறகு தூக்கிய கை, சம்மட்டி சுலபம் என்று நினைத்தேன். என் முதல் ஆணியைக் கையில் எடுத்துப் பார்த்த மெடம், “தம்பி, உது ஆணியோ, மண்புழுவோ?” என்று கேட்டார். எத்தனை அடித்தாலும் என் ஆணி மட்டும் இடது பக்கம் திரும்பும்.

வகுப்புக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்க வரும்போது நாங்கள் அந்தக் காலத்து மனிதர்களாக இருக்க வேண்டும். இடுப்பில் முரட்டுத் துணி, மேலே வெறும் உடம்பு. ஆடிக் காற்றில், பெரகலையில்! பல் தந்தியடிக்க நின்ற என்னிடம் ஒரு சின்னப் பெண், “அண்ணே, குளிரலையா?” என்று கேட்டாள். “நாங்க ராஜா காலத்து ஆளுக, எங்களுக்குக் குளிராது” என்றேன். அவள் என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாவது வாரம் உலை வைத்தோம், அன்று பார்த்துக் காற்று நின்றுவிட்டது. மூன்றாவது வாரம் மழை. இரண்டு தடவையும் இரும்பு திரளாமல் கறுப்புச் சிட்டம்தான் கிடைத்தது, அதைச் சரிவில் கொட்டினோம். நான்காவதுதான் கடைசி. அதற்கு மேல் காற்றின் வேகம் குறைந்துவிடும், மெடமும் போய்விடுவார்.

கடைசி நாள் காலையில் உலைக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வெட்டிச் சூடம் கொளுத்தினேன். ஸ்டோரில் மெஷின்களைக் காக்கும் ரோதைமுனியைக் கும்பிடாமல் எந்தச் சக்கரத்தையும் சுற்ற விடமாட்டோம், அந்தப் பழக்கம். மெடம் தடுக்கவில்லை. தானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். காற்றும் வந்தது. குழாய் வாயெல்லாம் சிவந்து வெளுத்தது, உலை உறுமியது. அந்த நேரம் பார்த்து மேட்டில் ஓர் ஆள் இறங்கி வந்தார். கோயிலுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டை, இடுப்பில் கத்தி. அப்பா! ஒருநாள் பேரை, அந்த நாள் சம்பளத்தையே, விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

மத்தியானம் பிள்ளைகள் வந்தார்கள். மெடம் அவர்களுக்கு விளக்கப் போனார். போகும்போது, “நெருப்பைப் பாத்துக்கொள்ளும் தம்பி, நான் வாறன்” என்றார். அப்பா பார்க்க நான் ஒருவனே உலையை ஆள்கிறேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் நடுக் குழாய்கள் மங்கின. எட்டிப் பார்த்தேன். உள்ளே, குழாய்களுக்கு முன்னால், கட்டியாக ஏதோ அடைத்துக்கொண்டு கிடந்தது.

கை தானாகக் கம்பிக்குப் போய்விட்டது. ஸ்டோரிலிருந்து என் கம்பியைக் கையோடு கொண்டு வந்திருந்தேன், அதுவும் பெருமைக்குத்தான். சிட்டம் வழிவதற்காகச் சுவரில் விட்டிருந்த ஓட்டையில் கம்பியைக் கொடுத்து, வளைவில் மாட்டி, ஒரே இழு. நெருப்புக் கட்டி வெளியே வந்தது. தூக்கிச் சரிவில் வீசினேன். குழாய்கள் மறுபடி வெளுத்தன. அப்பாவைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் தலையாட்டினார்.

சாயங்காலம் எல்லாரும் சுற்றி நிற்கச் சுவரை உடைத்தோம். கரி, சாம்பல், சிட்டம். வேறொன்றும் இல்லை. மெடம் கிளறிக் கிளறிப் பார்த்தார்.

“இடையில ஏதும் வெளியில எடுத்தனீரோ?”

“ஆமாங்க மெடம். சிட்டம் அடச்சிக்கிட்டு கெடந்துச்சு. இழுத்துப் போட்டுட்டேன்.”

மெடம் அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்லச் சொன்னார். “ஐயோ தம்பி, உதுதான் இரும்பு. குழாய் வாயிலதான் திரளும் எண்டு முதல் நாளே சொன்னனான் எல்லோ.”

சொல்லியிருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எல்லாருமாகச் சரிவில் இறங்கித் தேடினோம். மூன்று உலையின் சிட்டம், பழங்காலத்தவர் கொட்டிய சிட்டம், மலைக் கல், எல்லாமே கறுப்பு. மெடத்திடம் சின்னக் காந்தம் ஒன்று இருந்தது, அது சிட்டத்திலும் பாதியில் ஒட்டிக்கொண்டு குழப்பியது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அப்பா பக்கம் திரும்பிப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்பாவோ தன் பாட்டில் குந்திக்கொண்டு, ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கத்தியை இழுத்துக் காதைச் சாய்த்துக்கொண்டிருந்தார். வீட்டுப் பழக்கத்தை இங்கேயும் ஆரம்பித்துவிட்டாரே என்று எனக்கு எரிச்சல். திடீரென்று கூப்பிட்டார்.

“டேய், இங்க வா. இது ஆகாத கல்லுடா. கத்தியத் தீட்ட மாட்டேங்குது, கத்தியக் கடிக்குது.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். பஞ்சு மாதிரி ஓட்டை விழுந்த ஒரு கட்டி. கத்தி பட்ட இடத்தில் வெள்ளையாக மினுங்கியது. மெடம் வாங்கி வைத்துக்கொண்டு, நிலத்தில் உட்கார்ந்து, என் அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா கூச்சத்தில் எழுந்து நின்றுவிட்டார். என்னைப் பார்த்து, “இரும்ப எடுக்கத்தான் தெரியலன்னு நெனச்சேன். வீச நல்லாத் தெரிஞ்சி வச்சிருக்க” என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு.

அதை மறுபடி காய்ச்சி அடித்தோம். பாதி உதிர்ந்துபோனது. மிஞ்சியது விரல் நீளம்.

“கத்திக்குப் பத்தாதுப்பா” என்றேன்.

“கத்திக்கு யாரு கேட்டா? கத்திய மாட்ட ஒரு ஆணி இல்லாம கூரையிலல்ல சொருகி வச்சிருக்கேன். ஆணி அடி.”

அடித்தேன். வழக்கம்போல இடது பக்கம் திரும்பியது. அன்று மெடம் மண்புழு என்று சொல்லவில்லை.

வீட்டுக் கதவு நிலையில் அப்பா அதைத் தன் கையால் அடித்துக் கத்தியை மாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். “கல்லுல இருந்து வந்த ஆணி. எம் மவன் எடுத்தது.” கேட்டுக்கொண்டிருக்கிறவர் வியந்து முடிப்பதற்குள், “அப்புறம் வீசிட்டான்” என்று மீதிக் கதையையும் சொல்லிவிடுவார்.

ஸ்டோர் மூடிப் பல வருஷம் ஆகிறது. நான் விறகு போட்ட அடுப்பை வெட்டிப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். மெடம் வெளிநாடு போய்விட்டார். மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு எங்கள் மலையிலும் மண் பார்க்க ஆட்கள் வந்தார்கள், எங்கள் லயத்துக்கு மேலேயும் வெடிப்பு இருந்தது. தாமதமாகத்தான் என்றாலும் எதிர் மேட்டில் தனி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அப்பா அதைப் பார்க்காமலே போய்விட்டார். போன வாரம் தங்கை போன் பண்ணினாள். “அண்ணே, லயத்த ஒடச்சிட்டாங்க. கத்திதான் எங்கிட்ட இருக்கு, ஆணி நெலையோட போயிருச்சு.” அதனால்தான் இன்றைக்குப் பெரகலையில் இறங்கினேன். பையில் கடைக் காந்தம் இருந்தது, பெரியது.

தங்கையும் நானும் இடிபாட்டில் காந்தத்தை இழுத்துக்கொண்டு நடந்தோம். வெள்ளைக்காரன் காலத்து லயம் அது, ஆணியெல்லாம் சதுர ஆணி. கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தன. மெஷின் போட்டு இடித்ததில் நேராக ஒன்றுகூட இல்லை.

“இதுல எதுண்ணே ஒன்னோடது? எல்லாமே கோணலா இருக்கே.”

எனக்கும் தெரியவில்லை. ஒரு டின் நிறையப் பொறுக்கிக்கொண்டு அவளுடைய புது வீட்டுக்குப் போனோம். உள்ளே போய் அப்பாவின் கத்தியை எடுத்து வந்து கொடுத்தாள். வாசலில் உட்கார்ந்து ஆணிகளை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் கத்தியை ஓர் இழுப்பு இழுத்து, தலையைச் சாய்த்துக் கேட்டேன். தங்கை மூச்சுவிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டன.