தட்டாத கண்ணாடி

"ஐயா, கெளம்பலாங்களா?"

வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் திருமலை இப்படி ஒரு வார்த்தை கேட்பார். பின் சீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். ஆனாலும் கேட்பார். கேட்டுவிட்டு, ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் சும்மா இருப்பார். அப்புறம்தான் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார்.

செருப்பு போர்ட்டிகோவிலேயே கிடக்கும். இந்த வண்டியை அவர் வெறுங்காலோடுதான் ஓட்டுவார். இன்ஜின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பது காதுக்குத் தெரியாது. உள்ளங்காலில் லேசாக ஒரு நமநமப்பு வரும், அதுதான் கணக்கு. "காதை நம்பி இத்த ஓட்ட முடியாது. காலுதான் இதுக்குக் காது" என்பார்.

வியாழக்கிழமை தோறும் மதியம் மூன்றரை மணிக்கு இது நடக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்டாவிட்டால் வண்டி கெட்டுவிடும் என்று மெட்ராஸ் மெக்கானிக் சொல்லியிருக்கிறார். கிழமையை மட்டும் திருமலையே வைத்துக்கொண்டார். வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் சாலையை ஒட்டிய தோட்டத்து வீட்டிலிருந்து கிளம்பி வாலாஜாபாத், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று ஒரு வட்டம் போட்டு, மறுபடியும் அதே கேட்டுக்குள் நுழைவார். ஒன்றரை மணி நேரம். வளைகுடாவில் சண்டை வந்து, பங்க்கில் பெட்ரோலுக்கு வரிசை நின்ற போதும் அவர் ஒரு வாரம்கூட விடவில்லை.

திரும்பி வந்ததும், வீட்டோடு இருந்து சமையலும் சுத்தமும் பார்க்கும் அம்சவல்லி, துடைப்பத்தைத் தூணில் சாய்த்துவிட்டு எதிரே வந்து நிற்பாள்.

"இன்னாண்ணே, இன்னிக்கி எத்தினி சுத்து?"

"ஒண்ணுதான். எப்பவும் ஒண்ணுதானே?"

"அப்படியா? எனுக்கு இன்னா தெரியும், கேட்டேன்."

இதைக் கேட்கும்போதெல்லாம் திருமலையின் முகம் சுண்டிப்போகும். ஏன் கேட்கிறாள் என்று அவர் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை.

ஆளைப் பார்த்தால் ஐம்பத்துநாலு வயது சொல்ல முடியாது. ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒற்றைத் திருமண் கோடு. பேச்சு குறைவு. ஆனால் தூங்குகிறவர்களைக் கண்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. டவுன் பஸ்ஸில் பக்கத்து ஆள் தலை சாய்ந்தால் தோளைத் தொட்டு, "அண்ணே, எந்த ஸ்டாப்பிங்?" என்பார். "டெப்போ வரைக்கும் போறேன்யா, உனுக்கு இன்னா நோவுது?" என்று பலர் திட்டியிருக்கிறார்கள். திட்டு வாங்கியதும் முகத்தில் ஒரு நிம்மதி வரும். மத்தியானம் பாயில் கண்ணயரும் மனைவி சுந்தராம்பாளின் மூக்கருகே விரலை நீட்டிப் பார்ப்பார். அவள் கண்ணைத் திறக்காமலே, "கீறேன்யா, கீறேன். போய் சோத்தத் துன்னு" என்பாள்.

இந்தப் பழக்கங்களெல்லாம் போன வருஷம் மாசி மாதத்துக்குப் பிறகு வந்தவை.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். சீமையில் ஆட்கள் உட்கார்ந்து மாதக்கணக்கில் கையாலேயே செய்தது. மெட்ராஸில் ஒரு பழைய ஜமீன் வீட்டிலிருந்து திருமலையின் முதலாளி கோதண்டராமன் அதை வாங்கி வந்தார். ஸ்ரீபெரும்புதூரில் இரும்பு வார்க்கும் ஃபேக்டரி நடத்தியவர். உள்ளே முன்பலகை முழுக்க ஒரே மரத்திலிருந்து இழைத்தது. இடப்பக்கத்து ரேகை அப்படியே வலப்பக்கத்திலும் விழும்படி பொருத்தியிருப்பார்கள். சாயங்கால வெளிச்சத்தில் அந்த ரேகைகள் இரண்டு கண்கள் போலத் தெரியும். துடைக்கும்போது அம்சவல்லி அங்கே மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கதவைச் சாத்தினால் தடித்த புத்தகத்தை மூடுவது போல் ஒரு சத்தம். அதோடு வெளியுலகத்துச் சத்தம் எல்லாம் நின்றுவிடும். லாரி வாயைத் திறந்துகொண்டு எதிரே வரும், ஹாரன் கேட்காது. நாய் துரத்திக்கொண்டு வரும், தாடை மட்டும் அசையும். மாட்டுவண்டிச் சக்கரம் சத்தமில்லாமல் சுற்றும். வண்டிக்குள் இருக்கும் சின்னக் கடிகாரம் மட்டும் டிக் டிக் என்று கேட்கும்.

பின் சீட்டு மெத்தையில் ஒருவர் உட்கார்ந்து எழுந்தால் பள்ளம் உடனே மறையாது. தோல் மெல்ல மெல்ல மூச்சு விட்டு மேலே வரும். கால் நீட்ட ஒரு பலகை, சாப்பிட மடக்கு மேஜை, குளிர்காற்று, எல்லாம் உண்டு. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு தடுப்புக் கண்ணாடி. பின்னால் இருப்பவர் பித்தானை அழுத்தினால் அது மேலே ஏறிக்கொள்ளும். அதன்பிறகு பின்னால் இருமினாலும் முன்னால் கேட்காது.

முப்பது வருஷம் சம்மட்டிச் சத்தத்தில் இருந்த காது கோதண்டராமனுக்கு. வீட்டில், கட்டிலில், அவருக்குத் தூக்கம் வராது. காதுக்குள் ஃபேக்டரி ஓடிக்கொண்டே இருக்குமாம். இந்த வண்டி ஓடும்போது மட்டும் அது அடங்கும். ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, குழந்தை மாதிரி தூங்கிப்போவார். வண்டி நின்றால் விழிப்பு வந்துவிடும். அதனால் ஒரு சட்டம் போட்டிருந்தார். "நானா எழுந்தாதான் வண்டி நிக்கணும் திருமலை. வூடு வந்தாலும் நிறுத்தாத, சுத்திக்கினே இரு. கண்ணாடிய மட்டும் தட்டிடாத."

பன்னிரண்டு வருஷத்தில் திருமலை அந்தக் கண்ணாடியை ஒருதடவைகூடத் தட்டியதில்லை. அது அவருக்குப் பெருமையாகவே இருந்தது. ஐயாவுக்கு இரண்டு மணி நேரத் தூக்கம் கொடுத்துவிட்டால், தானே தூங்கி எழுந்தது போல் அவர் முகம் தெளிந்திருக்கும்.

அந்த மாசி வியாழக்கிழமை மூன்றேகால் மணிக்கு ஃபேக்டரியில் ஐயா ஏறினார். கண்ணாடி ஏறியது. ஒரகடம் தாண்டி வீட்டுக் கேட் வந்தபோது திருமலை, பின்னால் பார்ப்பதற்காக மேலே இருந்த கண்ணாடியில் பார்த்தார். ஐயா தூங்கிக்கொண்டிருந்தார். தாண்டிப் போய்விட்டார். ஒரு முழு வட்டம் அடித்துவிட்டுக் கேட்டுக்கு வந்தார். தூக்கம் கலையவில்லை. "நல்லாத் தூங்கட்டும்" என்று இன்னொரு வட்டம். மூன்றாவது முறை கேட் வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள், பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. வேறு வழியில்லாமல் உள்ளே திருப்பி நிறுத்தினார். வண்டி நின்றும் ஐயா விழிக்கவில்லை. குளிர்காற்றில் அவர் கை சில்லிட்டிருந்தது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?" என்று கேட்டார். ஐயாவின் மனைவி லீலாம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஆறு மணிக்குங்க" என்றார் திருமலை.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். லீலாம்மாவைப் பார்த்தார். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எந்த இடத்தில் அது நடந்தது என்பது திருமலைக்குத் தெரியாது. ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி வாசலை அன்றைக்கு இரண்டு தடவை தாண்டியிருக்கிறார். முதல் தடவை உயிர் இருந்ததா? இரண்டாவது தடவை? இதைக் கண்டுபிடிக்கத்தான் அவர் வாராவாரம் அதே சாலையில் போய் வருகிறார் என்று தோன்றும். ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் மேலே இருக்கும் கண்ணாடியைப் பார்ப்பார். காலிச் சீட்டு. வீடு திரும்பிப் பின்கதவைத் திறந்து துணி போடும்போது சில நாள் ஐயா உட்காரும் இடப்பக்கத்து மெத்தை பள்ளமாக இருக்கும். பழைய தோல் அப்படித்தான் என்று மெக்கானிக் சொன்னார். திருமலை அது மேலே வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

இந்த வாரம் வண்டியை விற்றாகிவிட்டது. பெங்களூர்க்காரர் ராஜசேகர் வெள்ளிக்கிழமை காலையில் டிரைவர் அனுப்புகிறார். திருமலைக்கு லீலாம்மா சின்னக் காரையும் தோட்டத்துப் பொறுப்பையும் கொடுத்திருக்கிறார். அவருக்குக் கவலை அதில் இல்லை. வண்டி போய்விட்டால் அந்த ஆறு மணி அப்படியே நின்றுவிடும். சொல்வதானால் அதற்குள் சொல்லவேண்டும். சொன்னால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

கடைசி வியாழக்கிழமை. மூன்றரை மணிக்கு லீலாம்மா போர்ட்டிகோவுக்கு வந்தார். ஐயா போனபிறகு வண்டிப் பக்கமே வராதவர்.

"நானும் வரேன் திருமலை. அவரைக் கூட்டிட்டுப் போற மாதிரியே போ."

வழக்கமாக உட்காரும் வலப்பக்கத்தில் இல்லை, ஐயாவின் இடத்தில் உட்கார்ந்தார். திருமலை வாயைத் திறந்து, "கெளம்பலாங்களா?" என்பதற்குள் கண்ணாடி ஏறிவிட்டது.

வாலாஜாபாத் வரை அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சுங்குவார்சத்திரம் டீக்கடைகள் சத்தமில்லாமல் கடந்துபோயின. ஒருவர் பாய்லர் அருகே கையைத் தூக்கி யாரையோ கூப்பிட்டார், வாய் மட்டும் அசைந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி வாசலில் திருமலை பழக்கம்போல் மேலே இருந்த கண்ணாடியில் பார்த்தார். லீலாம்மாவின் கண்கள் மூடியிருந்தன. தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது, ஐயாவின் தலை சாய்ந்திருந்த அதே பக்கம்.

உள்ளங்காலில் இன்ஜின் நமநமத்தது. வேறு எதுவும் தெரியவில்லை. புடவை அசைகிறதா என்று பார்த்தார். குளிர்காற்றில் முந்தானை ஓரம் அசைந்தது, அதை வைத்து என்ன சொல்வது? ஒரகடம் வந்தது. ஒரு எருமை சாலையைக் கடந்தது, பிரேக் போட்டார். அம்மா அசையவில்லை. முன்பலகையில் அந்த இரண்டு கண்கள் வெயிலில் விழித்துக்கொண்டிருந்தன. திருமலையின் வலது கை தானாக எழுந்து பின்னால் போய், தடுப்புக் கண்ணாடிக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. தட்ட வரவில்லை. பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது.

கேட் தெரிந்தது. கடைசி நேரத்தில் வண்டியைச் சாலை ஓரமாக ஒதுக்கி, கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவர் திரும்பிப் பார்க்குமுன் கண்ணாடி இறங்கியது.

"ஏன் இங்கயே நிறுத்திட்ட?" லீலாம்மா விழித்துத்தான் இருந்தார்.

"தூங்கறீங்களோன்னு... எழுப்பலாம்னு பாத்தேம்மா." அதே மூச்சில் வந்துவிட்டது. "அம்மா, அன்னிக்கி ஆறு மணி இல்லம்மா. மூணேகாலுக்கே ஏறிட்டாரு. கேட்டு வரைக்கும் வந்தேன். தூங்கிக்கினு இருந்தாரு, தாண்டிப் பூட்டேன். ரெண்டு சுத்து. ஆஸ்பத்திரி வாசல்ல ரெண்டு வாட்டி போயிக்கிறேம்மா. ஒரு தட்டு தட்டிப் பாத்திருந்தா..."

"தெரியும்."

திருமலை சீட்டில் முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தார்.

"மாடியில நின்னு பாத்துட்டுதான் இருந்தேன். மொத தடவை வண்டி தாண்டிப் போனதும், காபி போடலாமான்னு அம்சவல்லி கேட்டா. ரெண்டாவது தடவையும் போச்சு. 'இன்னாம்மா இது, நிறுத்தச் சொல்லட்டுமா'ன்னு அவ கேட்டுக்கு ஓடினா. நான்தான் வேணாண்டின்னேன். அபூர்வமா தூங்கறார், தூங்கட்டும்னேன். உன்னைப் பாத்துக் கையைக்கூடக் காட்டினேன், போ போன்னு." மடியில் இருந்த கையைத் தூக்கி, புறங்கையால் இரண்டு முறை மெல்லத் தள்ளிக் காட்டினார். "நீ பாக்கல."

"ஐயாவத்தாம்மா பாத்துக்கினு இருந்தேன், கண்ணாடியில."

"நீ ஆறு மணின்னு சொன்னே. நானும் சரின்னுட்டேன். எனக்கும் அது வேண்டியிருந்தது திருமலை."

கதவைத் தானே திறந்துகொண்டு இறங்கினார். சாலையின் சத்தம் ஒரேயடியாக உள்ளே வந்து விழுந்தது. சைக்கிள் மணி, காக்கை, எங்கோ பம்புசெட். கேட்டுக்குள் நடந்து போனார், திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற அம்சவல்லி இன்றைக்கு எத்தனை சுற்று என்று கேட்கவில்லை.

திருமலை இறங்கிப் பின்கதவைச் சாத்தினார். புத்தகம் மூடியது போல் அதே சத்தம். மறுபடியும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து தன் கதவையும் சாத்திக்கொண்டார். எல்லாம் அடங்கியது. கடிகாரம் மட்டும் ஓடியது. இன்ஜினை அவர் இன்னும் நிறுத்தவில்லை. பின்னால் இடப்பக்கத்து மெத்தை பள்ளமாக இருந்தது, மேலே வரக் காணோம். முன்பக்கத்திலும் தடுப்புக்கு ஒரு பித்தான் உண்டு, அவர் தொட்டதே இல்லை. அதை அழுத்தினார். கண்ணாடி ஏறி நின்றதும் உடம்பைத் திருப்பி, தூங்குகிறவர் திடுக்கிடாமல் எழவேண்டும் என்பது போல, விரல் முட்டியால் அதை மெதுவாக இரண்டு தட்டு தட்டினார்.