பஸ்தியாம்பிள்ளை அம்பாவை நிறுத்திய வருடம்

என் அக்காவின் கணவர், அத்தான் பஸ்தியாம்பிள்ளையைப் பற்றி நல்லவிதமாக எழுதச் சொன்னால் என்னால் முடியாது. கெட்டவிதமாக எழுதவும் மனம் வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், பிடித்தவர்கள் படியுங்கள்.

முல்லைத்தீவுப் பக்கம் எங்கள் கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர்களுக்கு அவர்தான் அம்பா பாடுவார். கயிற்றைப் பிடித்து ஆண்கள் வரிசையாக நிற்க, இவர் ஓரடி பாடுவார். அவர்கள் "ஏலேலோ" என்று சொல்லி வலிப்பார்கள். வலை பாரமாகி ஆட்கள் சோரும்போது நடுவிலே ஒரு தூஷணத்தை, ஒரு கெட்ட வார்த்தையை எடுத்து வீசுவார். கழுத்தை ஒரு வெட்டு வெட்டி, தொண்டையைக் கனைத்து, பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் வந்து விழும் அந்தச் சொல். கரை முழுக்கச் சிரிக்கும். வலையும் வந்துவிடும். வலை இழுக்கிற இடத்தில் அது குற்றமில்லை. பெண்கள் நாங்களும் காதைப் பொத்துகிற மாதிரிப் பொத்திக்கொண்டு கேட்போம். அந்தச் சொற்களை இங்கே எழுதமாட்டேன், எனக்கும் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. "பஸ்தியாம்பிள்ளையின்ரை வாய் எங்களுக்கு இல்லாமல் போச்சே" என்று மற்றக் கரைக்காரர் பொறாமைப்படுவார்கள். அதே மனிதர் வீட்டில் பேசவேமாட்டார். "வாய்க்குள்ளை என்ன, கொழுக்கட்டையோ?" என்று நான் கிண்டல் பண்ணுவேன்.

அவருடைய மூத்த மகள் அசுந்தாவுக்கு எட்டு வயது நடக்கும்போது தொடங்கியது. முதலில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு தோள் துள்ளியது. பிறகு நாய்க்குட்டி போல ஒரு சத்தம். குறும்பு என்று விட்டுவிட்டோம். ஒரு ஞாயிறு பூசையில், பங்குச் சுவாமி அப்பத்தை உயர்த்தி, கோயில் முழுக்க முழந்தாளில் மூச்சடங்கி இருந்த நேரம், பிள்ளை கணீரென்று கத்தினாள். அத்தான் வலையடியில் கத்துகிற அதே சொல்.

ஐயோ மாதாவே! அந்த நேரம் நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா? பாட்டுக்குழுப் பெட்டைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் அக்கா புனிதமலர் பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அத்தான் ஆண்கள் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி இருந்தார். எழும்பவில்லை.

"தகப்பன் பாடுறதைக் கேட்டுப் பழகினது. வேறை என்ன?" என்று சனம் சொன்னது. எங்களுக்கும் அதுவே சரியாகப் பட்டது. வலையடியில் மட்டும் கேட்கிற சொல் ஒரு பெண் பிள்ளையின் வாய்க்கு வேறு எப்படி வரும்? அன்றோடு அசுந்தா கடற்கரைப் பக்கம் போகக்கூடாது என்று கட்டளையானது. அதற்குப் பிறகுதான் சொற்கள் கூடின. பள்ளிக்கூடத்தில், செத்த வீட்டில், சுவாமி வீட்டுக்கு வந்திருந்தபோது அவர் முகத்துக்கு நேரே. அத்தான் குசினியில் இருந்து மிளகாய்த்தூளை எடுத்து அவள் நாக்கில் வைத்தார். கூரை வளையில் செருகியிருந்த திருக்கை வாலால் அடித்தார். காய்ந்த திருக்கை வால் பட்டால் தோல் கிழியும். அடி விழும்போதும் பிள்ளை அந்தச் சொல்லையே கத்தினாள். "நான் சொல்லேல்லை சின்னம்மா, அது வருது" என்று என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். பொய் சொல்கிறாள் என்றே நானும் நினைத்தேன்.

மூளைச்சூடு என்று பரிசாரி எண்ணெய் தந்தார். மருந்துச்சாலைக்காரர் பூச்சி என்று குளிசை தந்தார். பேய் ஓட்டுகிற ஒருவர் பிள்ளையைக் கோயில் மரத்தில் கட்டிவைத்துச் செபம் சொன்னார். அவரையும் அவள் தூஷணத்தால் குளிப்பாட்டினாள். அதற்கு மட்டும் எனக்கு உள்ளூரச் சந்தோசம். வவுனியாவில் ஒரு டொக்டர் வலிப்பு என்று எழுதிய மருந்தில் பிள்ளை பகலெல்லாம் தூங்கி, படுத்த பாயிலேயே சிறுநீர் கழித்தாள். ஒவ்வொரு இடத்திலும் அக்கா கூனிக்குறுகி, "எங்கட வீட்டிலை இப்பிடி ஒருத்தரும் கதைக்கிறேல்லை" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

எண்பத்தோராம் ஆண்டு தவக்காலத்தில் அத்தான் கோயில் வாசலில் முழந்தாளிட்டு, இனி அம்பா பாடுவதில்லை என்று நேர்த்தி வைத்தார். தன் வாயால் வந்த பாவம் பிள்ளையை விட்டுப் போகட்டும் என்றார். வலைக்காரர் கெஞ்சினார்கள், ஏசினார்கள். மனிதர் அசையவில்லை. பிள்ளைக்குத்தான் ஒன்றும் குறையவில்லை. அவர் பின்னேரங்களில் வலையும் தூண்டிலும் இல்லாமல் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு தனியே கடலுக்குப் போகத் தொடங்கினார். நனைந்து, கண் சிவந்து திரும்புவார். வேறு கரையில் போய்க் குடிக்கிறார் என்று நான் அக்காவிடம் மூட்டிவிட்டேன்.

அடுத்த வருடம் அவர் முடிவெடுத்தார். "யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலை காட்டுவம். அவையும் கையை விரிச்சால், கொழும்பு விசராஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுவம். மற்றப் பிள்ளையளும் வாழவேணும்." பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றதும் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள், மடியில் கைக்குழந்தை. எழுத வாசிக்கத் தெரிந்தவள் என்று என்னையும் அவர்களோடு அனுப்பினாள். "அவளை விட்டிட்டு மட்டும் வந்திடாதையடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையின் உடுப்பெல்லாம் ஒரு பையில் கட்டியாகிவிட்டது.

பஸ்ஸில் அத்தான் எங்களோடு இருக்கவில்லை. யாரோ ஓர் ஆள் மாதிரி முன் சீற்றில் போய் இருந்துகொண்டார். பரந்தன் தாண்ட முன்னமே பிள்ளை கத்தத் தொடங்கிவிட்டாள். பக்கத்தில் இருந்த மனிசி எழும்பி, "நல்ல வளர்ப்பு!" என்று என்னைப் பார்த்துத் துப்பாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. முன்னால் அந்த மனிதர் திரும்பியும் பார்க்கவில்லை.

பெரியாஸ்பத்திரி டொக்டர் அவசரப்படாத ஆள். அத்தான் உள்ளே போனதும் பையைக் கதிரையில் வைத்து, "ஐயா, இவளை நீங்களே வைச்சிருங்கோ" என்றார். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல டொக்டர் பையைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்தார்.

"அந்தச் சொல் வாறதுக்கு முன்னம் உனக்குத் தெரியுமோ, அசுந்தா?"

"ஓம். தும்மல் வாற மாதிரி. தொண்டையிலை கடிக்கும். அடக்க அடக்கக் கூடி வரும்."

இரண்டு வருடத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. நானும் கேட்கவில்லை.

"வீட்டிலை வேறை ஆருக்கும் இப்பிடி இருக்கோ?" என்று டொக்டர் அத்தானைக் கேட்டார்.

"எங்கட பரம்பரையிலை இப்பிடி ஒண்டும் இல்லை ஐயா." சொல்லிவிட்டுக் கழுத்தை ஒரு வெட்டு வெட்டினார். தொண்டையைக் கனைத்தார்.

"உந்தக் கழுத்து உங்களுக்கு எத்தினை வயசிலை தொடங்கினது?"

"இது... அம்பா பாடிப் பாடி வந்த பழக்கம்."

நானும் ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்பா என்றால் என்ன, அதை ஏன் நிறுத்தினார் என்று டொக்டருக்கு விளக்கினேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. பாட்டு நின்று ஒரு வருடமாகிறது, கழுத்து நிற்கவில்லையே! அவருக்கு எத்தனை தரம் சோறு போட்டிருப்பேன், என் கண்ணில் அது படவேயில்லை.

டொக்டர் மெதுவாகக் கேட்டார். "பாட்டை விட்டாப் பிறகு, அந்தச் சொல் வந்தால் எங்கை கொண்டுபோய் விடுறனீங்கள்?"

அத்தானின் முகம் செத்துப்போனது.

"கடலுக்குள்ளை, ஐயா. மரத்தை ஆழத்துக்குக் கொண்டுபோய், குதிச்சு, தலையைத் தண்ணிக்குள்ளை வைச்சுக் கத்துவன். ஆருக்கும் கேக்காது. சின்னனிலை இருந்து அப்பிடித்தான். அம்பா கிடைச்சாப் பிறகு அது தேவைப்படேல்லை."

டொக்டர் தலையை ஆட்டினார். இது விசரும் இல்லை, பேயும் இல்லை, வளர்ப்பும் இல்லை, நரம்பிலே வருகிற ஒரு வருத்தம், ஒரு நோய் என்றார். தூரெற் என்று ஒரு வெள்ளைக்காரப் பெயர் சொன்னார். வம்சத்தில் வரும், குளிசை குடித்தால் கொஞ்சம் குறையும், வளர வளரவும் குறையலாம், அடித்தால் கூடும். கேட்ட சொற்களில் எதைச் சொல்லக்கூடாதோ அதுதான் வாய்க்கு வரும் என்றார். "இவளை விட்டிட்டுப் போக இது இடமில்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

வெளி விறாந்தைக்கு வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. "அது தானா வாறது எண்டு தெரிஞ்சுகொண்டே பிள்ளைக்குத் திருக்கை வாலாலை அடிச்சனீங்களோ? நீங்களும் ஒரு மனிசனோ அத்தான்?"

"என்னட்டை இருந்து போனதெண்டு சனம் அறிஞ்சிடும் எண்டு வெக்கமாக் கிடந்தது, பிள்ளை" என்றார் என்னிடம். "என்ரை அப்பு எனக்கும் உப்பிடித்தான் அடிச்சவர். நான் அடக்கப் பழகினனான்தானே, இவளும் பழகுவாள் எண்டு நினைச்சன்."

அவரை வெறுக்கவும் முடியவில்லை. பஸ்ஸில் அந்த மனிசி பேசியபோது, இது என் பிள்ளையில்லை என்று சொல்லிவிடலாமா என்று நானும் ஒரு கணம் நினைத்தவள்தான்.

பஸ் நிலையத்தில் சனம் நிறைந்திருந்தது. அசுந்தா இரண்டு தரம் கத்தினாள். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தானின் கை பழக்கத்தில் அவள் வாயைப் பொத்த உயர்ந்து, பாதியில் நின்றது. அவள் அந்தக் கையைப் பார்த்து ஒதுங்கினாள். அடி விழவில்லை என்றதும் நிமிர்ந்து அவரைக் கேட்டாள். கோபமே இல்லை அந்தக் குரலில், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தண்ணிக்குள்ளை கத்தினால் ஆருக்கும் கேக்காதெண்டு எனக்கு ஏனப்பா சொல்லித் தரேல்லை?"

அத்தான் அத்தனை சனத்துக்கு நடுவிலே தரையில் குந்தி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.