கட்டிலுக்கு அடியில் ஒளித்த காணிக்கை

ஆண்டவருக்குள் அன்பானவர்களுக்கு, மதுக்கரையிலிருந்து கிருபா எழுதுகிறேன். எனக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிற சாட்சி இல்லை இது. ஏழு வயது மகளைச் சாவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவள் நான்தான். அதை மறைத்துவிட்டு, தேவன் அவளைக் காப்பாற்றியதை மட்டும் சொன்னால் அது பாதிச் சாட்சிதான்.

1996 மே மாதம், ஒரு சனிக்கிழமை. என் மகள் ஜெனிக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போடாமல் அவளால் நிற்க முடியாது. பேருந்தில் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குவது பெரும்பாடு. என் கணவர் லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். மகளுக்காகவே ஒரு பழைய வேனை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு மேடை, அலமாரி எல்லாம் வைத்து ஒரு சின்ன வீடாகவே மாற்றியிருந்தார். அதில் எங்கள் முதல் பயணம் ஆனைமலைக் காட்டுக்குள் இருக்கும் டாப்சிலிப்புக்கு. காலையில் போய் மாலையில் திரும்பிவிடுவதாகத் திட்டம்.

மறுநாள் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. அவரவர் தோட்டத்தில் விளைந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்போம். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். எங்களுக்குத் தோட்டம் துரவு கிடையாது. வருடா வருடம் கடையில் வாங்கிய இரண்டு தேங்காயோடு போய் நிற்பேன். வாழைத்தார் சுமந்து வருகிறவர்களுக்கு நடுவில் கூச்சமாக இருக்கும்.

மலையடிவாரத்துச் சேத்துமடையில் என் கணவர் டீ குடிக்கப் போன நேரம், சாலையோரம் ஒருவர் பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு பழம் ஆட்டுக்குட்டி அளவுக்கு இருந்தது. இதைப் பீடத்துக்கு முன்னால் வைத்தால் சபையே திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தேன். மாலைவரை இது விற்காமல் இருக்காது என்று அப்போதே வாங்கி, அந்த ஆளையே தூக்கி வைக்கச் சொல்லி, கட்டிலுக்கு அடியில் தள்ளிப் பெட்ஷீட்டால் மூடினேன். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால், யானைக் காட்டுக்குள் பழம் ஆகாது என்று அதை இறக்கிவிடுவார் என்று தெரியும். அந்த ஊரே பலா வாசனையில் இருந்ததால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

சோதனைச் சாவடியில் வனக்காவலர் ஜன்னல் பக்கம் வந்து கேட்டார். “பழம், கரும்பு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா அம்மணி? ஒத்தை யானை ஒண்ணு ரோட்டுப் பக்கம் வந்துட்டிருக்குதுங்க.”

“ஒண்ணுமில்லீங்க” என்றேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. தேவனுக்குக் கொண்டுபோகிற பொருளுக்காகச் சொல்வது பொய்யாகாது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

மலையேற்றத்தில் வேன் சூடாகி ஆவி கக்கியது. வழியில் நிற்கக் கூடாது என்று பலகை இருந்தும் நிறுத்த வேண்டியதாயிற்று. எங்களிடம் இருந்த குடிதண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றியும் போதவில்லை. ஜெனி பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். புழுக்கமாக இருந்ததால் பக்கவாட்டுக் கதவைத் திறந்தே வைத்தோம். சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்துவிட்டு, எதிரே மேட்டில் கசிந்த ஊற்றில் ஆளுக்கொரு கேனில் தண்ணீர் பிடிக்கப் போனோம். முப்பது அடி தூரம்கூட இருக்காது.

திரும்பிப் பார்த்தபோது வேனுக்குப் பின்னால் யானை நின்றது. கொம்பன். எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, ஒன்றும் தெரியவில்லை. தும்பிக்கையால் பின்கதவைத் தடவியது. பிறகு நெற்றியை வைத்து ஒரு தள்ளு. வேன் முழுவதும் ஆடியது. உள்ளேயிருந்து “அம்மா” என்று ஜெனியின் குரல் கேட்டது.

நான் ஓடப் பார்த்தேன். கணவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். “ஓடாத. மிரண்டுட்டா வண்டியவே உருட்டிப்போடும். ஒண்ணுமில்லாத வண்டியில அதுக்கு என்ன வேணும்?”

நான் மண்டியிட்டேன். ஆண்டவரே, இந்த யானையை விரட்டும் என்று ஜெபிக்கத்தான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. எத்தனை முறை முயன்றாலும் ‘ஒண்ணுமில்லீங்க’ என்று நான் சொன்னதுதான் மனதில் வந்து நின்றது. வேன் மறுபடி ஆடியது. ஒரு சக்கரத்துக் கல் நழுவிவிட்டது. “ஆண்டவரே, நான் பொய் சொன்னேன்” என்று அழுதேன். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது. கணவர் பக்கம் திரும்பினேன்.

“ஏனுங்க, கட்டிலுக்கு அடியில பலாப்பழம் இருக்குதுங்க. நாந்தான் ஒளிச்சு வெச்சேன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் மறு நொடியே, பட்டறையில் ஆட்களிடம் வேலை சொல்வதுபோல நிதானமாகக் குரல் கொடுத்தார். “ஜெனி கண்ணு, அப்பா இங்கதான் இருக்கறன். அழுவாத. கட்டிலுக்கு அடியில பெரிய பழம் ஒண்ணு இருக்குது. கீழ உக்காந்து, நல்ல கால்ல உதைச்சு, தொறந்திருக்கற கதவு வழியா வெளிய தள்ளிவுடு.”

பூட்ஸ் இல்லாத பிள்ளை. அந்தப் பழம் அவள் எடைக்குப் பாதி இருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு, “பெலன் கொடும், பெலன் கொடும்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தொப்பென்று சத்தம் கேட்டது. பழம் சாலையில் விழுந்து, சரிவில் உருண்டு, யானையைத் தாண்டிக் கீழே வளைவுவரை போயிற்று. யானை காதை அசைத்தது. மெதுவாகத் திரும்பி அதன் பின்னால் நடந்தது.

நாங்கள் ஓடி ஏறினோம். பிடித்த தண்ணீரை ஊற்றக்கூட நிற்கவில்லை. இன்ஜின் போனால் போகட்டும் என்று அவர் மேலே ஓட்டினார். ஜெனி பயத்தில் சில்லிட்டு என் மடியில் ஒட்டிக் கிடந்தாள். டாப்சிலிப்பில் புல்வெளி முழுக்க மான்கள் மேய்ந்தன, மலையில் மேகம் இறங்கியிருந்தது. அவ்வளவு அழகான இடத்தில் மூன்று பேரும் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். திரும்பக் கிளம்பும் முன் அவர் ஒன்றே ஒன்று சொன்னார். “யானைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையே, கிருபா.”

மாலையில் இறங்கும்போது சோதனைச் சாவடியில் வேனை நிறுத்தச் சொல்லி, அந்தக் காவலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வேனுக்குள் எட்டிப் பார்த்து, “பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?” என்று மட்டும் கேட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

மறுநாள் வெறுங்கையோடு ஆலயத்துக்குப் போனேன். அந்தப் பழத்தை நான் ஒளித்துக் கொண்டுபோனது தெய்வ பக்தி இல்லை, பெருமை. அதற்குக் காணிக்கை என்று பெயர் வைத்திருந்தேன். சபைக்கு முன்னால் எழுந்து நின்று இதைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஜெனி அந்த வேனில் மறுபடி ஏற ஆறு மாதம் ஆயிற்று. கணவர் என்னிடம் பழையபடி சிரித்துப் பேச இன்னும் அதிக நாள் பிடித்தது. அதன் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் ஜெபிக்கிறோம். ஒளிக்க இடம் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

யானையை விரட்டும்படி தேவனிடம் கேட்கப் போனேன். அவர் என் வாயைத் திறந்தார். என் மகளின் உயிர் நான் அடக்கி வைத்திருந்த அந்த ஒரு சொல்லில் இருந்தது. அன்பானவர்களே, ஜெபிக்கும்போது ஏதாவது ஒன்று உங்கள் தொண்டையிலும் வந்து நின்றால், பயப்படாமல் அதை முதலில் சொல்லிவிடுங்கள். அவர் இரக்கமுள்ளவர். நான் என் பிள்ளை கதறும்வரை காத்திருந்தேன். நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம்.