ஈஸ்வரமூர்த்தி பழனிக்கு நடந்த கதை

புதிதாக எந்தச் செல்போன் வந்தாலும் ஈஸ்வரமூர்த்திக்கு அதைப் பற்றி ஒரு கருத்து உண்டு. திருப்பூர் வீரபாண்டியில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர் என்பதால் அதைக் கேட்கக் கைகட்டி நிற்கும் ஆட்களும் உண்டு. "கேமரா போன மாடலைவிடத் தேவலைங்க. ஆனா பேட்டரி நிக்கறதில்லை" என்பார். வருடா வருடம் மாற்றிய போன்களில் அவர் செய்த வேலை, விடிந்ததும் தெரிந்தவர்களுக்கெல்லாம் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் அனுப்பியதுதான். அந்த ரோஜாப்பூவும் யாரோ அனுப்பியது. கேமராவுக்கு வேலையே இருக்கவில்லை.

கிரிக்கெட்டில் அவர் இன்னும் கறாரானவர். ஆபீஸ் ரூமில் சுவரை அடைத்தாற்போல் ஒரு டிவி. எல்லைக்கோட்டில் எவனாவது பந்தைக் கோட்டைவிட்டால் பொறுக்க மாட்டார்.

"கோடி கோடியாக் குடுத்து ஏலத்துல எடுத்தும் குனிய மாட்டேங்கறான் பாருங்க. ஒடம்பை ஒடம்பா வெச்சிருந்தாத்தானே?"

சொன்ன வேகத்தில் கையிலிருந்த முறுக்கு கீழே விழும். அதை எடுக்க ஆளைக் கூப்பிடுவார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் மோனிஷா, அப்பாவின் தொப்பையைப் பார்த்துப் பயந்து, அவர் பிறந்தநாளுக்கு ஒரு கடிகாரம் அனுப்பினாள். சிம் போட்ட கடிகாரம். போடுகிற அடியை எண்ணி, குடும்பத்தார் எல்லோரும் இருக்கிற குழுவில் அதுவே போட்டுவிடும். அந்தக் குழுவில் தினமும் முதலிடம் மோனிஷாவின் மாமனார் மருதாசலத்துக்கு. காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் அவர், விடியுமுன்னே எழுந்து ஊரைச் சுற்றுகிறவர். கடைசி இடத்துக்குப் போட்டியே இல்லை. அது ஈஸ்வரமூர்த்திக்கு.

சில நாள் அவரும் காலையில் நடந்து பார்த்தார். வியர்த்தது. அது போதாதென்று, ஆபீஸில் மேட்ச் பார்த்துக்கொண்டிருக்கும்போது மணிக்கொரு தரம் கடிகாரம் மணிக்கட்டில் அதிர்ந்து எழுந்து நிற்கச் சொன்னது.

"சொந்தமாக் கம்பெனி கட்டி உக்காந்திருக்கறவனை எந்திரிங்கறதுக்கு இது யாரு?" என்று கழற்றிவிட்டார்.

கழற்றிய கையோடு கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். வெட்டிய துணிக் கட்டுகளைக் கட்டிங்கிலிருந்து தையல் மெஷின்களுக்குத் தூக்கிக்கொண்டு ஆயம்மாள் போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். ஈஸ்வரமூர்த்தி அவளைக் கூப்பிட்டார்.

"எனக்கு எதுக்குங் மொதலாளி வாட்ச்சு?"

"சும்மா கட்டிக்க. நீ நடக்கறதை அது எண்ணும்."

"எண்ணி?"

"எம்பேர்ல சேரும்."

அந்தக் கம்பெனியில் அவள் செய்வதெல்லாம் அவர் பேரில்தான் சேர்ந்துகொண்டிருந்தது என்பதால், ஆயம்மாளுக்கு இதில் புதுமை எதுவும் படவில்லை. கட்டிக்கொண்டாள். டீக்கு விடுவதற்குள் கடிகாரம் கொட்டு மேளத்தோடு பாராட்டுத் தெரிவித்தது. அன்று சாயங்காலம் ஈஸ்வரமூர்த்தி சம்பந்தியை முந்தினார். மருதாசலம் போன் செய்து, எப்படி முடிகிறது என்று கேட்டார்.

"மனசு வெக்கோணுங்க சம்பந்தி. வேறொண்ணுமில்லை" என்றார் ஈஸ்வரமூர்த்தி, நாற்காலியைப் பின்னால் சாய்த்து.

ஆயம்மாளும் விவரமானவள்தான். "வாட்ச்சுக் கட்டுனா கை அரிக்குதுங்" என்று ஒருமுறை சொன்னாள். மறுநாள் அவள் நிற்குமிடத்தில் புது மின்விசிறி சுற்றியது. பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடக்க வேண்டுமென்று லீவு கேட்டாள். கப்பலுக்குச் சரக்குப் போகிற நேரம். மற்றவர்களுக்கெல்லாம் இல்லையென்று சொல்லியிருந்தார். அவளுக்கு உடனே கிடைத்தது.

"போறது போறே, இதையும் கட்டிக்கிட்டுப் போயிரு" என்று சார்ஜரையும் கொடுத்தனுப்பினார். சம்பந்தி இனி எந்திரிக்கவே முடியாது என்பது அவர் கணக்கு.

சிம் போட்ட கடிகாரம் எண்ணுவதோடு நிற்காது, இருக்குமிடத்தையும் காட்டும். வாங்கிய அன்றே மோனிஷா அதைச் சொல்லியிருந்தாள். அப்போது அவர் பேட்டரியைப் பற்றிக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திருவிழாவுக்காக மோனிஷா காங்கேயம் வந்திருந்தாள். உத்திரத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மேட்ச் சூடாகப் போய்க்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"அப்பா! தாராபுரம் தாண்டிட்டீங்களா? பாதயாத்திரை போறேன்னு ஒரு வார்த்தை சொல்லலியே!"

ஈஸ்வரமூர்த்தி டிவியைப் பார்த்தார். தாராபுரத்தைத் தாண்டியதாக அவருக்கு நினைவில்லை.

"அது… வேண்டுதலைச் சொல்லப்படாது கண்ணு."

"அங்க என்னங்ப்பா மேட்ச் சத்தம்?"

"கூட வர்ற பசங்க செல்லுல பாக்கறாங்க. சாமி பேரைச் சொல்லீட்டு வாங்கடான்னா கேட்டாத்தானே?"

"மாமா கண்ணு கலங்கிட்டாருங்ப்பா. காலைல நாங்க அடிவாரத்துல வந்து நிக்கறோம்."

அந்த மேட்சில் யார் ஜெயித்தார்கள் என்று ஈஸ்வரமூர்த்திக்கு இன்றுவரை தெரியாது. விடியும்போது அவர் கார், பாதயாத்திரைக்காரர்கள் பழனிக்குள் நுழையுமுன் குளிக்கிற சண்முகநதிக் கரையில் நின்றது. வழியில் வாங்கிய பச்சை வேட்டி கஞ்சி மணத்தோடு விறைத்துக்கொண்டிருந்தது. ஆயம்மாள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தாள்.

"வாட்சைக் குடு ஆயம்மா."

"இன்னும் முடியலீங்களே? கோயில் வரைக்கும் கட்டோணும்னீங்க."

"குடு தாயீ. மக வந்து நிக்கறா."

அவள் வேட்டியையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். "செருப்பைக் கார்லயே உட்டுருங் மொதலாளி" என்று மட்டும் சொன்னாள்.

நதியிலிருந்து அடிவாரம் கொஞ்ச தூரம்தான். நடக்கிறவர்களுக்கு. பங்குனி வெயில் ஏற ஏறத் தார் ரோடு அவரைக் குதிக்க வைத்தது. ஒரு காவடிக்காரர் கடந்தார், பால்குடம் வைத்த பாட்டிகள் கடந்தார்கள், நொண்டிக்கொண்டே ஒருவர் கடந்தார். அடிவாரம் சேர்ந்தபோது இரண்டு பாதமும் கொப்புளம். முகம் சாயப்பட்டறையிலிருந்து எடுத்தது போலச் சிவந்திருந்தது. மருதாசலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ரோடென்றும் பாராமல் காலில் விழுந்தார்.

"உங்களைத் தப்பா நெனச்சுட்டேனுங்க சம்பந்தி. எதோ ஏமாத்து வேலைன்னு நெனச்சேன்."

ஈஸ்வரமூர்த்தி அவரைப் பெருந்தன்மையாகத் தூக்கிவிட்டு மன்னித்தார்.

தரிசனம் முடிந்து திரும்பும்போது, மோனிஷா காரின் பின்சீட்டில் அப்பாவின் காலை மடியில் வைத்து மருந்து தடவினாள். மருதாசலம் முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் தன் போனைத் திருப்பிக் காட்டினாள். திருப்பூரிலிருந்து சண்முகநதி வரை இதயத்துடிப்பின் கோடு சீராகப் போயிருந்தது. நதிக்குப் பிறகு செங்குத்தாக ஏறியிருந்தது.

"இதுவரைக்கும் நடந்தது யாருங்ப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் முன்சீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, "ஆயம்மா" என்றார்.

"கம்பெனிலயும்?"

"ம்."

மோனிஷாவுக்கு முதலில் கோபம் வந்தது. அப்பாவின் பாதத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஈஸ்வரமூர்த்தி முன்சீட்டைக் காட்டிக் கிசுகிசுத்தார்.

"சம்பந்திகிட்டச் சொல்லீட்டியா?"

"இல்லீங்ப்பா. எப்படிச் சொல்றது? அடுத்த வருசம் உங்க ஊட்டுல இருந்தே பழனிக்கு உங்களோட சேந்து நடக்கறேன்னு மாமா சன்னதில வேண்டிக்கிட்டாரு. உங்க பேரையும் சேத்துத்தான்."